எடுத்துக் கொடுக்காத வார்த்தை

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் கழித்து இன்றுதான் வேலைக்குப் போனேன். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் வணக்கம் சொல்லிவிட்டு உட்காராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சாருக்கு எப்படி இருக்கு டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். "நல்லா இருக்காங்க, கணக்குப் புத்தகத்தை எடு" என்றேன்.

பொய் ஒன்றும் இல்லை. என் கணவர் வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறார். மே மாதம் பக்கவாதம் வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவ்வளவு கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்? பேச்சு மட்டும்தான் திரும்பவில்லை.

சுரண்டையைச் சுற்றி எந்த ஊரில் கபடி நடந்தாலும் மைக் இவர் கையில்தான் இருக்கும். வாரநாளில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை, சனி ஞாயிறு என்றால் கபடி வர்ணனை. சிவனணைந்தபெருமாள் என்ற முழுப்பெயரைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது. மைக் பெருமாள் என்று சொல்ல வேண்டும். அந்த மனிதரிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே சொல், "அதுதான்." பசித்தாலும் அதுதான். ஃபேனைப் போடச் சொல்வதும் அதுதான். கோபம் வந்தால் அதையே இரண்டு தடவை சொல்கிறார்.

ஜூன் 14, சனி

பேச்சுப் பயிற்சிக்காகத் தென்காசிக்கு அழைத்துப் போனேன். நஸ்ரீன் என்று கடையநல்லூர்ப் பெண். என் மகள் மதிவதனியைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். சீப்புப் படத்தைக் காட்டி, "இது என்ன அங்கிள்?" என்று கேட்டது. இவர் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கச் சகிக்காமல் "சீப்பு" என்றேன். அடுத்து பேனா. அதையும் நானே சொன்னேன்.

அந்தப் பெண் அட்டையைக் கவிழ்த்து வைத்தது. "டீச்சர், இந்தப் பரீட்சை அங்கிளுக்கு."

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பரீட்சை ஹாலில் இருந்து இதுவரை என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. கிளம்பும்போது, இவர் தினமும் என்ன சொல்கிறார் என்று எழுதிவரச் சொன்னது. எழுதுவதாக இருந்தால் முழுவதும் இந்த டைரியிலேயே எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று சொன்னது: அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து ஆட்கள். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம், ஆளுக்கொரு புத்திமதி. "பாசிட்டிவா நினைங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாப் போயிரும்." "மனசு வச்சா முடியாதது உண்டா அண்ணாச்சி?" மனசு வைக்காமலா இந்த மனிதர் வியர்த்து வழிகிறார்? நாலாவது ஆள் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். இவர் வாயைத் திறக்கும் முன்பே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. தண்ணீர், காபி, துண்டு, மாத்திரை எல்லாம் நினைத்தவுடன் கையில் இருக்கும். இத்தனை வருஷக் குடித்தனம் சும்மாவா? என் மாதிரி பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது என்று எதிர்வீட்டு அக்காவே சொன்னார்கள்.

இன்று "அதுதான்" கூடச் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

"வீட்டுல அங்கிள் பேச முயற்சி பண்றாங்களா?" என்று நஸ்ரீன் கேட்டது.

"அதுக்கு அவசியமே வைக்கிறதில்லம்மா. எல்லாம் நானே பார்த்துக்கிடுதேன்."

அந்தப் பெண் இவரைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னது. "ஒரு மனுஷன் தட்டுறான், கதவு திறக்கல. திரும்பத் திரும்பத் தட்டுறான், திறக்கல. ஒரு கட்டத்துல தட்டுறதையே விட்டுருவான். அப்புறம் கதவு திறந்தே கிடந்தாலும் எந்திரிச்சுப் போக மாட்டான். இதைக் கற்றுக்கொண்ட இயலாமைன்னு படிச்சிருக்கோம். உடம்புல வந்த நோய் ஒண்ணு, மனசு கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு. ரெண்டாவதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"நான் என்ன கதவையா பூட்டினேன்?"

"இல்ல டீச்சர். தட்டுறதுக்கு முன்னாடியே சன்னல் வழியா எல்லாத்தையும் குடுத்துடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவர் நஸ்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுதான்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் செய்ய வேண்டியது: எதுவும் தெரியாததுபோல் இருக்க வேண்டும். அவராகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். முழுச் சொல் வராவிட்டாலும், கிட்டத்தில் வந்தாலே வாங்கிக்கொண்டு கேட்டதைக் கொடுக்க வேண்டும். திருத்தவே கூடாது. முப்பது வருஷமாகச் சிவப்பு மையால் திருத்தியே சம்பளம் வாங்குகிறவளிடம் இதைச் சொல்கிறது. ஆனால் ஒன்று யோசித்தேன். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடத்தானே செய்கிறோம். அப்படி வைத்துக்கொண்டால் சரி.

ஜூலை 6, ஞாயிறு

காபியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். பொறுமைக்காக மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேன் என்றே தெரியாதவள்போல் காலண்டரைப் பார்த்தேன். வாய்ப்பாடு முடிந்தது. பதினெட்டும் முடிந்தது. காபி ஆடை கட்டிவிட்டது. எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மத்தியானச் சாம்பாருக்கு நிறைய சின்ன வெங்காயம் உரித்தேன். கண் எரிச்சல் சாயங்காலம் வரை போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

"கா" என்றார்.

கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

இந்த வாரம் கா, த, சோ. மூன்றும் வேலை செய்கின்றன. நான் உற்சாகமாகி ஒவ்வொன்றுக்கும் "சூப்பர், வெரி குட்" என்று கை தட்டினேன். வியாழக்கிழமை டம்ளரைச் சுவரில் வீசி எறிந்தார். காபிக் கறை இன்னும் இருக்கிறது.

நஸ்ரீனிடம் புகார் சொன்னால் அதற்குச் சந்தோஷம். "கோபம் வந்துச்சா? நல்லது டீச்சர். மானம் உள்ள மனுஷர். எல்கேஜி பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா எறியத்தான் செய்வாங்க. பொய்யாப் பாராட்டாதீங்க. நிஜமா என்ன நல்லா இருந்துச்சோ, அதை மட்டும் சொல்லுங்க. அவங்க பட்ட பாட்டைச் சொல்லுங்க."

இன்று சாயங்காலம் "காப்" வரை வந்தார். "நேத்து வரைக்கும் வாய் திறந்தே நின்னுச்சு. இன்னைக்கு உதடு மூடுச்சு" என்றேன். தலையை ஆட்டினார். அவர் அதைக் கவனித்திருந்தார் என்று தெரிந்தது. இருவரும் ஒரு வேலையைச் சேர்ந்து பார்க்கிறவர்கள்போல் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே டிவியில் கபடி. அறிவிப்பாளர் குரலுக்கு நடுவே இன்னொரு குரல். "போனஸ்." கணீரென்று, பழைய குரல்.

படியில் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்ன சொன்னீங்க? இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, போ, போ..." அவர் திடுக்கிட்டுப்போனார். வாய் கோணியது. நான் விடவில்லை. கடைசியில் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டார்.

நான் சந்தோஷத்தில்தான் ஓடினேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

நஸ்ரீன் குதித்தது. பல வருஷம் பழகிய பேச்சுக்கு மூளையில் தனித்தடம் உண்டாம். தாளத்தோடு வருகிற சொல், பாட்டு, எண்ணிக்கை, வசவு எல்லாம் அந்தத் தடத்தில் முதலில் வருமாம். உடனே செல்போனில் ஒரு பழைய போட்டியைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு இவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. "அங்கிள், எனக்குக் கபடின்னா ஒண்ணுமே தெரியாது. இப்ப எதுக்கு அந்தப் பையன் வெளிய போறான்?"

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளிலிருந்து அந்த முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. விரலால் கோட்டைக் காட்டினார். "லா... லாபி."

"லாபின்னா?"

"கோடு. கோடு... மி... மிதி."

"கோட்டை மிதிச்சுட்டானா? அப்ப அவுட்டா?"

"அதுதான்" என்றார். முதல் தடவையாக அந்தச் சொல் ஒரு கேள்விக்குச் சரியான பதிலாக வந்து விழுந்தது.

வெளியே வந்து நஸ்ரீன் சொன்னது. "நம்மளால முடியும்ங்கிற நம்பிக்கைய யாரும் வாயால சொல்லி ஏத்த முடியாது டீச்சர். தன் கையால ஒரு சின்ன வேலை நடந்தாத்தான் அது வரும். இவங்களுக்கு அது கபடியில இருக்கு."

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த வாரம்: பிடி. பாடு. அவுட். உள்ள. வெளிய. தோசை.

செப்டம்பர் 19, வெள்ளி

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். தட்டைத் தள்ளிவிட்டு "போடி" என்றார்.

எவ்வளவு தெளிவாக இருந்தது. உடனே மதிவதனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மா, அப்பா உன்னத் திட்டியிருக்காங்க" என்றாள். "ஆமாடி, டகரம் அழுத்தமா வந்துச்சு" என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தனியாக டீக்கடைக்குப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனார். நானும் பின்னால் போகவில்லை. அங்கே "டீ, சீனி கம்மி" என்று சொல்ல நின்றிருக்கிறார். கூட்டம். பக்கத்தில் நின்ற ஒருத்தர், காது கேட்காதவருக்குச் சொல்வதுபோல் "அண்ணாச்சிக்கு... என்ன... வேணும்?" என்று கத்தினாராம். இன்னொருத்தன் அதைப்போலவே இழுத்துச் சொல்லிக் காட்டியிருக்கிறான். சிரிப்பு. குடிக்காமல் திரும்பிவிட்டார். எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிற்பகலில் டீக்கடைக்குப் போனேன். அங்கே நான் பேசியதை இங்கே எழுதவில்லை. பள்ளிக்கூட டீச்சர் பேசுகிற பேச்சு இல்லை அது.

அக்டோபர் 18, சனி

வாரம் முழுவதும் "அதுதான்" மட்டும். தென்காசிக்கு வர மறுத்துவிட்டார். போனில் நஸ்ரீனிடம், "எல்லாம் போச்சும்மா" என்றேன்.

"போகாது டீச்சர். கத்துக்கிட்டது உள்ளதான் இருக்கும். விழுந்த மனுஷன் கொஞ்ச நேரம் தரையில இருக்கட்டும். தூக்கப் போகாதீங்க."

அக்டோபர் 24, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. தெருமுனைவரை ஓடினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், முன்னால் பாதி குடித்த டீ. என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம் திரும்பி, "இன்... இன்னொண்ணு" என்றார். எனக்காகக் கேட்டிருக்கிறார்.

உட்கார்ந்து குடித்தேன். சீனி அதிகம். பரவாயில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

பொங்கல் கபடிக் கமிட்டிச் செயலாளர் குற்றாலிங்கம் வந்திருந்தார். இவரோடு இருபது வருஷமாகப் போட்டி நடத்துகிறவர், நல்ல மனிதர். சேரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பேசினார்.

"மைனி, இந்த வருஷம் இறுதிப்போட்டி அன்னைக்கு அண்ணாச்சிய மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போர்த்தலாம்னு கமிட்டியில பேசி வச்சிருக்கோம். அவ்வளவு உழைச்சிருக்காவ. ஜனங்களும் பார்த்த மாதிரி இருக்கும். நீங்க கூட்டிட்டு வந்துருங்க."

"ரொம்ப சந்தோஷம் தம்பி, கண்டிப்பா..." என்று ஆரம்பித்தேன். இவர் இடது கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

குற்றாலிங்கம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காபிக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சால்வை," என்றார். மூச்சு வாங்கினார். "வேண்டாம்."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, நாங்க ஆசையா..."

"மைக்." இன்னொரு மூச்சு. "வேணும்."

குற்றாலிங்கம் சேரை முன்னால் இழுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, கூட்டம் ரொம்ப வரும். ஒரு மாதிரி ஆயிட்டா..."

"தெரியும்" என்றார் இவர். அந்தச் சொல்லுக்கு மட்டும் திக்கல் இல்லை.

முதல் பாதியில் கொஞ்ச நேரம் தருவதாகப் பேச்சு. குற்றாலிங்கம் போகும்போது வாசலில் என்னிடம் ரகசியமாக, "மைனி, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். "என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஜனவரி 3, சனி

நஸ்ரீனிடம் கேட்டேன். "அங்க போய், அத்தனை பேர் முன்னால வார்த்தை வராமப் போனா?"

"போகலாம் டீச்சர்." அதன் முகத்திலும் கவலை இருந்தது. "ஆனா தோக்கிறதுக்கு உள்ள உரிமையையும் சேர்த்துத்தானே அவங்க கேட்டிருக்காங்க."

இவர் வழியில் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

ஜனவரி 14, புதன்

தினமும் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பழகுகிறார். பழைய நீள வசனங்களை விட்டுவிட்டார். "சிறுத்தையெனச் சீறிப் பாயும்" எல்லாம் இனி வராது என்று அவருக்குத் தெரியும். அதற்காக உட்கார்ந்து வருத்தப்படுகிற மாதிரியும் தெரியவில்லை. வருகிற சொற்களில் எது எங்கே நிற்கும் என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிறார். நான் அடுப்படியில் இருந்து கேட்கிறேன். போகி என்றாலும் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மஞ்சள் பனியனும் பச்சைப் பனியனும் இறுதிப்போட்டி. நான் பெண்கள் பக்கம் முன்வரிசை. இப்போது வர்ணனை செய்கிற ஆள் இவரைப் பெயர் சொல்லி அழைத்து, மைக்கைக் கொடுத்து, தன் சேரையும் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, இடது கையில் மைக். கைதட்டல் அடங்கியது. விசில் ஊதினார்கள்.

மஞ்சள் பனியன் ஒருவன் கபடி கபடி என்று பாடிப் போனான். மைக்கில் சத்தம் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவன் சும்மா திரும்பினான். பச்சை ஒருவன் வந்தான். அப்போதும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், "பாவம், என்னத்துக்கு இவரைக் கூட்டி வந்து..." என்றாள். குற்றாலிங்கம் இவர் காதருகே குனிந்தார். "புறப்பட்டு விட்டார்னு சொல்லுங்க அண்ணாச்சி, புறப்பட்டு விட்டார்" என்பது மைக்கிலேயே கேட்டது.

எழுந்து போனேன். எப்படிக் கயிற்றைத் தாண்டினேன் என்று தெரியாது. குற்றாலிங்கத்தின் முழங்கையைப் பிடித்தேன். "தம்பி, அவங்களே சொல்லுவாங்க. நீங்க இங்கிட்டு வாங்க."

"மைனி, ஜனம்..."

"ஜனம் காத்திருக்கட்டும்."

இவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் ஆடுகளத்தில் இருந்தது. மஞ்சளின் ஐந்தாம் நம்பர் கோட்டைத் தாண்டினான்.

"வாரான்."

மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தக் குரல் எங்கேயும் போகவில்லை.

"வாரான்... வாரான்... இடது... கை. தொட்டாச்சு." ஒரு மூச்சு. "ஒண்ணு."

கூட்டம் ஓவென்றது. அதற்குப் பிறகு அவர் விட்ட இடைவெளிகளில் யாரும் விசிலடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஆடுகளத்துக் கால்களின் சத்தம்கூடக் கேட்டது. "கணுக்கால். பிடிச்சான். இன்னொருத்தன். இடுப்பு. மூணு பேர்... விடாத... விடாத... முடிஞ்சது." முன்பு அவர் நூறு சொல் சொல்லும்போது நான் பாதியைக் காதில் வாங்கியதில்லை. இன்று ஒன்றைக்கூட விடவில்லை.

ஒரு இடத்தில் "அவுட்" என்றார். நடுவர் இல்லை என்று கையை ஆட்டினார். இவர் கொஞ்சம் நிறுத்தி, "தப்பு," என்றார். "என் தப்பு." மைதானம் சிரித்தது. டீக்கடைச் சிரிப்பு இல்லை இது. பழைய மைக் பெருமாளுக்குச் சிரித்த சிரிப்பு. இவரும் சிரித்தார்.

கொஞ்ச நேரம் என்று கொடுத்ததை இடைவேளை வரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முடிந்ததும் அவராகவே மைக்கை நீட்டினார். சட்டை முழுக்க வியர்வை. என் இடத்துக்குத் திரும்பி வந்ததும் பக்கத்துப் பெண் என் தோளைத் தொட்டு, "அக்கா, அது உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். கல்யாணமான புதிதில்கூட அந்தச் சொல்லை அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வரும்போது, "எப்படி?" என்று கேட்டார்.

"முதல் ரெண்டு பாட்டுக்கும் ஒண்ணும் வரல. ஆனா மைக்கை விடல நீங்க. அந்த மூணு பேர் பிடிச்சதைச் சொன்னப்ப, நான் கண்ணை மூடியிருந்தேன். அப்படியும் தெரிஞ்சுச்சு."

தெருவுக்குள் திரும்பும்போது "நீ... வந்த" என்றார். குற்றாலிங்கத்தை இழுத்ததைப் பார்த்திருக்கிறார்.

ஜனவரி 19, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள். காலையில் இட்லி அவிந்துகொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர். இவர் முற்றத்துச் சேரில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார், அவர்கள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்கள்.

"டீச்சர், மாசிக்கு எங்க ஊர்லயும் போட்டி வச்சிருக்கோம். அண்ணாச்சி மைக் பிடிக்க வருவாவளான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

வருவார் என்று எனக்குத் தெரியும். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவார் என்பதுகூடத் தெரியும்.

"அன்னா இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் வந்துவிட்டேன்.

அவர்கள் போய்க் கேட்டார்கள். பிறகு சத்தமே இல்லை. இட்லிக் கொப்பரை மூடி தடதடவென்று ஆடியது. அடுப்பை அணைத்தேன். இன்னும் சத்தம் இல்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். எட்டிப் பார்க்கக் கழுத்து துடித்தது. கரண்டியை எடுத்துக் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன்.

பிறகு கேட்டது. அவசரமில்லாத குரல், தொழில்காரர் குரல்.

"மொதல்ல... டீமு... யாரு யாரு? அதைச் சொல்லுங்க."